கூச்சலில் பிறக்கும் சட்டங்கள்

ஒரு கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் அனுப்பிய குற்றத்துக்காகப் பேராசிரியர் ஒருவர் ஏறத்தாழ 11 ஆண்டுகள் நீதிமன்றப் படியேறி இறங்கிய கதை, கருத்துச் சுதந்திரத்தின் தலைநகர் என்று பெருமை பேசும் கொல்கத்தாவில்தான் நடந்தது.

ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா 2012 ஏப்ரலில் கைது செய்யப்பட்டார். ரயில்வே அமைச்சர் பதவியிலிருந்து தினேஷ் திரிவேதி விலக நேர்ந்ததையும், அவ்விடத்துக்கு முகுல் ராய் வந்ததையும் சத்யஜித் ராயின் 'சோனார் கெல்லா' திரைப்படத்தை வைத்து நையாண்டி செய்த படம் அது. அப்போதைய முதல்வர் மம்தா பானர்ஜியும் அதில் இடம்பெற்றிருந்தார். பேராசிரியருடன், அவர் வசித்த குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரான முதியவரும் கைதானார்.

இருவர் மீதும் பாய்ந்தவற்றுள் முக்கியமானது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. பிறருக்கு எரிச்சலோ அசௌகரியமோ ஏற்படுத்தும் நோக்கில் மின்னஞ்சல் அனுப்பினாலே மூன்றாண்டு வரை சிறை என்றது அப்பிரிவு. எது எரிச்சல், யாருக்கு எரிச்சல் என்பதற்கு விளக்கம் ஏதும் இல்லை. அந்த விளக்கத்தை எழுதும் உரிமை, நடைமுறையில், காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில், அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனை விமர்சித்து ட்விட்டரில் எழுதிய புதுச்சேரிக்காரர் ஒருவரும் இதே பிரிவில் கைதானார். கட்சியும் மாநிலமும் மாறினாலும் ஆயுதம் ஒன்றுதான்.

இந்த ஆயுதம் உருவான விதத்தை மறந்துவிடக் கூடாது. மும்பை பயங்கரவாதத் தாக்குதலின் அதிர்ச்சி அடங்காத 2008 டிசம்பர் 22-ஆம் தேதி, அமளிக்கிடையே விவாதம் ஏதுமின்றி மக்களவையில் நிறைவேறிய மசோதாக்களுள் ஒன்றுதான் தகவல் தொழில்நுட்பச் சட்டத் திருத்த மசோதா. மறுநாளே மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. 'அசௌகரியம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அவையில் ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டிருந்தால், பின்னாளில் பல குடும்பங்களின் நிம்மதி பறிபோயிருக்காது.

66ஏ பிரிவு அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று 2015 மார்ச் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால், கொல்கத்தா வழக்கு முடியவில்லை. 2021 செப்டம்பரில் இந்திய தண்டனைச் சட்டக் குற்றச்சாட்டுகளிலிருந்து பேராசிரியரை விடுவித்த அலிப்பூர் நீதிமன்றம், செத்துப்போன 66ஏ பிரிவின் கீழான குற்றச்சாட்டை மட்டும் விட்டுவைத்தது! 2023 ஜனவரியில்தான் அவருக்கு முழு விடுதலை கிடைத்தது. உடன் கைதான முதியவர் அதற்குள் காலமாகிவிட்டார். இருவருக்கும் தலா ரூ.50 ஆயிரம் இழப்பீடு வழங்குமாறு மாநில மனித உரிமை ஆணையம் 2012-இல் பரிந்துரைத்தது. அதை ஏற்க மறுத்த மாநில அரசுக்கு, 2015 மார்ச்சில் உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. தனிநபர் தரவுகளுக்குப் பாதுகாப்பு தர முயன்ற 43ஏ பிரிவும் அதே 2008 திருத்தத்தில் வந்ததுதான். அலட்சியத்தால் வாடிக்கையாளரின் விவரங்களைக் கசியவிடும் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்றது அது. அரசுத் துறைகளைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். தேசப் பாதுகாப்புக்காக விலக்கு தேவைப்பட்டாலும், அது நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தின் வழியாக, தேவைக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்று 2018-இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு தயாரித்த வரைவு கூறியது. 2019 மசோதாவைக் கூட்டுக் குழு இரண்டாண்டுகள் ஆராய்ந்தது. 2022 ஆகஸ்டில் அந்த மசோதாவே திரும்பப் பெறப்பட்டது.

அதன் பின்னர் வந்த எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா, மணிப்பூர் விவகார அமளிக்கிடையே 2023 ஆகஸ்ட் 7-ஆம் தேதி மக்களவையிலும், எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்திருந்த நிலையில் 9-ஆம் தேதி மாநிலங்களவையிலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. 2008-இல் நடந்ததுதான் மீண்டும் நடந்தது. ஆளும் தரப்பு மட்டுமே மாறியிருந்தது. தான் விரும்பும் அரசு அமைப்புக்கு ஓர் அறிவிக்கை மூலம் மத்திய அரசு விலக்கு அளிக்கலாம் என்கிறது 17-ஆவது பிரிவு. முறையீடுகளை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் மத்திய அரசே.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, அரசு அலுவலகங்களையும் கட்டுப்படுத்துகிறது. கண்காணிப்பு அமைப்புகள் அரசின் கட்டளைக்கு அப்பாற்பட்டு இயங்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. நம் சட்டமோ நிறுவனங்களுக்கு ரூ.250 கோடி வரை அபராதம் என்று எச்சரித்துவிட்டு, நாட்டிலேயே மிக அதிகமான தனிநபர் விவரங்களை வைத்திருக்கும் அரசுக்குப் பின்கதவைத் திறந்து வைக்கிறது.

எதிர்க்கட்சிகளின் யோக்கியதையும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதல்ல. அரசுக்கு அளிக்கப்படும் விலக்கை எதிர்த்துக் கூட்டுக் குழுவில் மாற்றுக் கருத்து பதிவு செய்தவர்களுள் திரிணமூல் காங்கிரஸ் உறுப்பினர்களும் உண்டு. அதே கட்சியின் ஆட்சியில்தான் ஒரு மின்னஞ்சலுக்காகப் பேராசிரியர் கைதானார். தில்லியில் பேசும் உரிமை கொல்கத்தாவில் மறந்துபோவதும், எதிர்வரிசையில் பிறக்கும் ஞானம் ஆளும் வரிசையில் மறைவதும் எந்த ஒரு கட்சிக்கும் தனிச்சொத்து அல்ல.

2025 நவம்பரில் வெளியான விதிகள், சட்டத்தின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தந்தன. நிறுவனங்கள் தயாராவதற்குத் தரப்பட்ட அவகாசம் இது. நாடாளுமன்றத்துக்கும் அப்படி ஓர் அவகாசம் வேண்டாமா? விலக்கு பெறும் அமைப்பு எது, எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்பதை அவையில் வைத்து ஒப்புதல் பெறும் வகையிலும், வாரிய நியமனத்தில் அரசுக்கு வெளியே உள்ளவர்களுக்கே முடிவெடுக்கும் உரிமை கிடைக்கும் வகையிலும் சட்டத்தைத் திருத்துவதே முறை.

சட்டத்தை இயற்ற சில நிமிடங்கள் போதும். அதன் தவறைத் திருத்த ஆறாண்டுகளுக்கு மேல் ஆயின. அதிலிருந்து ஒரு குடிமகன் விடுபட மேலும் எட்டாண்டுகள் ஆயின. அவையில் மிச்சப்படுத்திய நேரத்துக்கு நீதிமன்ற வாசலில் வட்டி கட்டுபவன் வாக்காளனே!