இலங்கையை எச்சரித்த விமானி

உச்சமுனையில் நிற்பவருக்கு ஒருபுறம் புத்தளம் களப்பு; மறுபுறம் பெருங்கடல். தொழிலுக்குச் சென்ற வள்ளங்கள் திரும்பும் வேளையில் வீட்டிலுள்ளோரின் கண்கள் தொடுவானையே நாடி நிற்கும். அங்கே தோன்றும் சிறு புள்ளி தம்மவருடைய வள்ளந்தானா என்று அறியும் வரை மனம் அமைதி கொள்ளாது. அவ்வாறு தொடுவானிற் கண்ட புள்ளிகளைக் கொண்டு இத்தீவையே எச்சரித்த ஒருவரைப் பற்றி இவ்வாரம் நேயர்களுடன் பேச விழைகின்றேன்.

அவர் பெயர் லெனார்ட் பேர்ச்சல். 1915ஆம் ஆண்டு கனடாவிற் பிறந்தவர். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியர் வசமானது; மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. அடுத்தது இலங்கையோ என்று யாவரும் அஞ்சியிருந்த அவ்வேளையில், ஏப்ரல் 2ஆந் திகதி பேர்ச்சல் காலிக்கு அருகிலுள்ள கொக்கலைக்கு வந்து சேர்ந்தார்.

4ஆந் திகதி தம் தோழர் எண்மருடன் கற்றலீனா என்னும் கடல் விமானத்திற் காவல் சென்றார். மாலையில், இலங்கைக்குத் தெற்கே வெகு தொலைவில், கப்பல்கள் புள்ளிகளாகத் தென்பட்டன. நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. நெருங்காவிடின் அவை யாருடையவை என்று அறிய வழியில்லை. பேர்ச்சல் நெருங்கினார். யப்பானியப் பெருங்கடற்படை! கொழும்புக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மூவர் மாண்டனர், அறுவர் கைதிகளாயினர்.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பின்மீது குண்டுகள் விழுந்தன. எனினும், எச்சரிக்கை முன்னரே கிடைத்தமையால் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் வெளியேறியிருந்தன. ‘இலங்கையின் மீட்பர்’ என்ற பெயர் பேர்ச்சலுக்கு இதனால் வந்தது.

உலகம் நினைவிற் கொண்டிருப்பது அந்தச் சில நிமிடங்களையே. எனக்கோ, பின்வந்த மூன்றாண்டுகளே பெரியனவாகத் தோன்றுகின்றன. யப்பானியச் சிறைமுகாம்களில் நோயுற்ற கைதிகளையும் வேலைக்கு இழுத்தபோது, பேர்ச்சல் குறுக்கே நின்றார்; அடியுண்டார். நோயாளருக்கு ஓய்வு கிடைக்கும் வரை ஏனையோரும் வேலை செய்யாதிருக்கச் செய்தார். அதற்கும் தண்டனை பெற்றார். நடந்தவற்றை மறைவாகக் குறித்து வைத்தார்; போரின் பின் நடந்த விசாரணைகளில் அக்குறிப்புகள் சான்றாயின.

விமானத்திற் காட்டிய துணிவு ஒருநாட் துணிவு. அன்று சிந்திக்கவும் நேரமிருக்கவில்லை. சிறையிலோ, நாளைக்கும் அடி விழும் என்று நன்கறிந்தே இன்று மற்றொருவனுக்காக எழுந்து நிற்க வேண்டும். இவ்விரண்டில் எது அரிது என்பதை நேயர்களே எண்ணிப் பாருங்கள்.

விடுதலை பெற்றபின் அவர் நெடுங்காலம் வாழ்ந்தார். கனடாவின் அரச இராணுவக் கல்லூரிக்குத் தலைவராயிருந்தார். பின்னர் பல்கலைக்கழகமொன்றிற் பணியாற்றினார். 2004 செப்டெம்பர் 10ஆந் திகதி, தமது 89ஆவது வயதிற் காலமானார்.

நம் வீடுகளிலும் முதியோர் இருக்கின்றனர். ‘அந்தப் புயலிலே வள்ளத்தைக் கரைசேர்த்தவர்’ என்று அப்புவின் ஒருநாட் செயலை ஊரே புகழும். ஆயின், அதன்பின் நாள்தோறும் கடலுக்குச் சென்று ஒரு குடும்பத்தைக் கரைசேர்த்த நாற்பது ஆண்டுகளை எவர் கேட்டறிந்தார்? இன்று ஞாயிற்றுக்கிழமை. அவரருகிற் சற்றே அமர்ந்து கேளுங்கள். பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள்.