எதிர்கொள்வது வேறு, தப்பிப்பது வேறு

2025 செப்டம்பர் 23, 24 தேதிகளில் இயேசு வந்து விசுவாசிகளை வானத்துக்கு எடுத்துக்கொள்வார் என்று தென்னாப்பிரிக்காவில் ஒருவர் சொன்னது, கைப்பேசிக் காணொலிகள் வழியாக உலகெங்கும் பரவியது. இரண்டு நாட்களும் மற்ற நாட்களைப் போலவே கழிந்தன. இப்படி ஒரு சேதி கிளம்பும்போதெல்லாம் இரண்டு குரல்கள் சேர்ந்தே கேட்கின்றன. வேதம் சொல்வது இதுதான் என்கிறார்கள் நம்பியவர்கள். கிறிஸ்தவர்கள் நம்புவது இதுதான் என்று வெளியே நின்று சிரிக்கிறார்கள் மற்றவர்கள். எதிரெதிராகத் தோன்றினாலும் இருவரும் செய்வது ஒரே பிழை. கடைசிக் காலத்தைப் பற்றிக் கிறிஸ்தவர்களிடம் ஒரே நம்பிக்கை எப்போதும் இருந்ததில்லை. உபத்திரவத்துக்கு முன்பே சபை எடுத்துக்கொள்ளப்படும் என்கிற ‘இரகசிய வருகை’ போதனை அவற்றில் ஒன்று மட்டுமே. வயதிலும் அது இளையதே. அந்தப் போதனை ஊன்றி நிற்கும் வசனமோ, தமிழ் வேதாகமத்தில் வேறொரு பொருளுக்கும் இடம்கொடுத்து நிற்கிறது.

கிறிஸ்தவம் ஒரே அச்சில் வார்க்கப்பட்டதல்ல என்பதற்குத் திருவண்ணாமலையே சான்று. செங்கம் சாலையில் ரமணாசிரமம் இருக்கும் பகுதிக்கு 1949-ல் ஹென்றி லெ சோ என்ற பிரெஞ்சு பெனடிக்டைன் துறவி வந்து ரமணரைத் தரிசித்தார். பின்பு அபிஷிக்தானந்தர் என்று பெயர் பூண்டு, 1950-களில் அருணாசலக் குகைகளில் தங்கினார். கடைசிவரை கத்தோலிக்கத் துறவியாகவே இருந்தார். அவர் சார்ந்திருந்த கத்தோலிக்கத் திருச்சபை கிறிஸ்துவின் மறுவருகையை உறுதியாக நம்புகிறது. ஆனால் கிறிஸ்து பூமியில் கண்கூடாக ஆயிரம் ஆண்டுகள் அரசாளுவார் என்ற கருத்தைப் பாதுகாப்பாகப் போதிக்க முடியாது என்று 1944-ல் ரோம் அறிவித்தது. 1992-ல் வெளியான மறைக்கல்வி நூலும் அதை ஏற்கவில்லை. திருவண்ணாமலையிலேயே பள்ளி தொடங்கிய டேனிஷ் மிஷனின் வழிவந்தது ஆற்காடு லுத்தரன் திருச்சபை. லுத்தரன்களின் அடிப்படை ஆவணமான 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கை, தன் 17-ஆம் பிரிவில், மரித்தோர் உயிர்த்தெழுமுன் நல்லவர்கள் மட்டும் உலகை ஆள்வார்கள் என்ற எதிர்பார்ப்பை மறுக்கிறது. தமிழகப் பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றிலோ இரகசிய வருகை, ஏழாண்டு உபத்திரவம், அந்திக்கிறிஸ்து, ஆயிர வருட அரசாட்சி என்ற வரிசை பிரசங்கத்தின் அன்றாடப் பொருள். 1920-களில் கொழும்பில் தொடங்கி இன்று தாம்பரம் இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் பெந்தெகொஸ்தே மிஷனின் ஊழியர்கள், வருகைக்கு ஆயத்தமாக மணம் துறந்து, உடைமைகளைப் பொதுவில் வைத்து வாழ்கிறார்கள். எல்லோர் கையிலும் வேதாகமம்தான். அவர்கள் காத்திருக்கும் முறைதான் வேறு வேறு.

இந்த வேறுபாடு இன்று நேற்று வந்ததல்ல. இரண்டாம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின், ஐரேனியு போன்றோர் ஆயிர வருட அரசாட்சியை அப்படியே நம்பினார்கள். ஆகவே அந்த நம்பிக்கை பழையது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்டின் அந்த ஆயிரம் ஆண்டுகளை உருவகமாகக் கொண்டு, திருச்சபையின் காலத்தையே அது குறிக்கிறது என்றார். மேற்கத்திய திருச்சபை பெரும்பாலும் அவர் வழியே நடந்தது. ஆனால் சபை முதலில் மறைவாக எடுத்துக்கொள்ளப்படும், ஏழாண்டு கழித்துக் கிறிஸ்து வெளிப்படையாக வருவார் என்ற இரண்டு கட்ட ஏற்பாடு ஒரு போதனையாக உருவெடுத்தது 1830-களில்தான். அயர்லாந்துத் திருச்சபையை விட்டு விலகிப் பிரதரன் இயக்கத்தை வழிநடத்திய ஜான் நெல்சன் டார்பிதான் அதற்கு முதன்மைக் காரணகர்த்தா. 1909-ல் வந்த ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் வசனத்துக்கு அடியிலேயே இந்த விளக்கத்தை அச்சிட்டது. ஒரே பக்கத்தில் இரண்டும் இருந்ததால், எது வசனம், எது குறிப்பு என்ற எல்லை பல வாசகர்களுக்கு மங்கிப்போனது. டார்பியின் சொந்த வட்டத்திலேயே இது ஒருமனதாக ஏற்கப்படவில்லை என்பது முக்கியம். பிரதரன் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் நியூட்டன் இதைக் கடுமையாக எதிர்த்தார். தொடக்கத்திலேயே தன் வீட்டாரிடம் முழு ஒப்புதல் பெறாத ஒரு விளக்கத்தைக் கிறிஸ்தவம் முழுவதன் குரலாகக் காட்டுவது நியாயமில்லை.

இனி வசனத்துக்கு வருவோம். தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் நான்காம் அதிகாரம், விசுவாசிகள் ஆகாயத்தில் கர்த்தருக்கு ‘எதிர்கொண்டு’ போவதாகச் சொல்கிறது. எதிர்கொள்ளுதல் என்றால் என்ன என்று தமிழருக்கு யாரும் அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைக்க ஊர் எல்லைவரை போகிறவர்கள், அவரோடு சேர்ந்து அவர் ஊருக்குப் புறப்பட்டுவிடுவதில்லை; மேளதாளத்தோடு தங்கள் ஊருக்கு அழைத்து வருகிறார்கள். பூரணகும்பத்தோடு காத்திருக்கிறவர்களும் அப்படியே. மூலமான கிரேக்கச் சொல்லும் இதே வழக்கத்தைச் சுட்டும். மத்தேயுவின் பத்துக் கன்னியர் கதையில் நடுராத்திரியில் மணவாளனை எதிர்கொள்ளப் போகிறவர்களுக்கும், ரோமை நோக்கி வந்த பவுலை அப்பியு சந்தைவரை வந்து சந்தித்து நகரத்துக்குக் கூட்டிப்போன சகோதரர்களுக்கும் அதே சொல்தான். அப்படியானால் அந்த வசனத்தில் விசுவாசிகள் போவது பூமியைக் கைவிடவா, வருகிறவரைப் பூமிக்கு அழைத்து வரவா என்ற கேள்வி எழத்தான் செய்யும். ஒரு சொல்லை வைத்து வழக்கையே முடித்துவிட முடியாதுதான். சீஷர்களுக்கு ஓர் இடத்தை ஆயத்தம் பண்ணி, மறுபடியும் வந்து அவர்களைத் தம்மிடம் சேர்த்துக்கொள்வதாக இயேசு சொன்னது யோவான் 14-ல் இருக்கிறது. இரகசிய வருகையை நம்புவோர் அதைத்தான் முன்வைப்பார்கள். ஆனால் வேதாகமத்தின் கடைசிக் காட்சியில் பரிசுத்த நகரம் வானத்திலிருந்து இறங்கி வருகிறது. மனிதர் மேலே போய் மறைவதோடு அந்தப் புத்தகம் முடியவில்லை.

பூமியை விட்டுப் போவதா, பூமியிலேயே வரவேற்பதா என்பது வேத அறிஞர்களுக்கு மட்டும் உரிய வாதமல்ல. நிலம், வேலை, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றைத் தொடும் கேள்வி. நம் பக்கத்து வரலாறே இதற்குச் சாட்சி. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், பிரதரன் இயக்கத்தவரான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸின் தொடர்பில் வளர்ந்தவர். கிறிஸ்தியான்பேட்டை என்ற கிராமத்தை உருவாக்கி ஊழியம் செய்தார். அவர் மூலம் 1860-ல் தொடங்கிய எழுப்புதல் பல ஊர்களுக்குப் பரவியது. அதன் அலை திருவிதாங்கூரையும் தொட்டது. அங்கே தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப் என்ற குருவானவர், 1881-ல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். அந்த ஆண்டு வந்து போயிற்று. அவரைச் சூழ்ந்தவர்கள் யுயோமயம் என்ற தனிச் சபையாகச் சுருங்கினார்கள். இன்னும் கசப்பான கதைகளும் உண்டு. 1992 அக்டோபர் 28-ஐ நாள் குறித்த தென்கொரியாவின் தாமி மிஷன் போதகர், பக்தர்களின் பணத்தை மறு ஆண்டில் முதிர்வடையும் பத்திரங்களில் போட்டு வைத்திருந்தார். மோசடி வழக்கில் சிறைக்குப் போனார். 2011 மே 21 என்று வானொலியில் முழங்கிய அமெரிக்கரான ஹரோல்டு கேம்பிங், அது பொய்த்ததும் அக்டோபர் 21 என்றார். அதுவும் பொய்த்த பிறகு, மறு ஆண்டில் தன் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்த நாளையும் நாழிகையையும் பிதா தவிர ஒருவரும் அறியார் என்ற போதனை இவர்கள் எல்லோர் கையிலிருந்த வேதாகமத்திலும் அச்சாகியிருந்தது.

இதற்கு மறுப்புகள் வரும். புதியது என்பதாலேயே ஒரு போதனை பொய்யாகிவிடுமா, லூத்தர் சொன்னதும் ஒருகாலத்தில் புதியதுதானே என்று கேட்கலாம். சரியான கேள்வி. புதுமை ஒரு விளக்கத்தைப் பொய்யாக்காது. ஆனால் ‘வேதத்தின் நேரடிப் பொருளே இதுதான், மற்றவர்கள் கண்மூடியிருக்கிறார்கள்’ என்று சொல்லும் உரிமையை அது பறித்துவிடுகிறது. பதினெட்டு நூற்றாண்டுகள் அதே வசனங்களைப் படித்தவர்களின் கண்ணில் படாத ஒன்றை நேரடிப் பொருள் என்று சொல்ல முடியாது. அடுத்த மறுப்பு இதைவிடக் கனமானது. இந்த உலகத்தில் மதிப்போ சொத்தோ கிடைக்காத எளியவர்களுக்கு வருகையின் நம்பிக்கைதான் ஊன்றுகோல். வயிறு நிறைந்தவர்கள் அதைத் தட்டிப் பறிக்கலாமா என்பது அது. கூடாது. ஆனால் இங்கே விவாதத்துக்கு உள்ளாவது அந்த நம்பிக்கை அல்ல. கிறிஸ்து உயிரோடிருப்போரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார் என்பதைக் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் தென்னிந்தியத் திருச்சபையினரும் விசுவாசப் பிரமாணமாக அறிக்கையிடுகிறார்கள். அநியாயம் நிலைக்காது என்ற ஆறுதலுக்கு அந்த ஒரு வரியே போதும். அதோடு தேதியையும், தப்பிச்செல்லும் பட்டியலையும், அதில் பெயர் விடுபட்டுவிடுமோ என்ற பயத்தையும் சேர்த்தால், ஊன்றுகோலே அடிக்கும் கோலாகிவிடும். பயமுறுத்தப்படுகிறவர்களும் பெரும்பாலும் அந்த எளியவர்களே.

இது கிறிஸ்தவர்களின் உள்வீட்டு விவகாரம், மற்றவர்களுக்கு என்ன என்று கேட்பவர்களும் உண்டு. 2012 டிசம்பர் 21-ல் மாயன் நாட்காட்டி முடிகிறது, உலகமும் முடிகிறது என்று கிளம்பிய வதந்தியை எல்லா மதத்தாரும்தான் கேட்டார்கள், பேசினார்கள். மேற்கு ஆசியாவில் போர் மூண்டால், அதைத் தீர்க்கதரிசன அட்டவணையில் பொருத்திப் பார்க்கும் வழக்கம் அரசியலிலும் நுழைகிறது. அமைதிக்கு உழைப்பதே வீண் என்ற எண்ணம் அங்கே முளைக்கிறது. அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் நம்பிக்கையைச் சரியாக அறிந்துகொள்வது எல்லோருக்கும் தேவை. உலகத்தின் எதிர்காலம் பற்றிக் கேட்டு வந்தவர்களை ரமணர், கேட்கிற தாம் யார் என்று முதலில் பார்க்கச் சொல்லித் திருப்பினார். வானத்தை அண்ணாந்து பார்த்து நின்ற சீஷர்களிடம், ஏன் நிற்கிறீர்கள் என்று வெண்ணாடை அணிந்த இருவர் கேட்டதாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. இரண்டு மரபுகளின் கொள்கையும் வேறு. ஆனால் இரண்டிலும் கேள்வி கேட்டவரிடமே திரும்பி வருகிறது.

ஆகவே மேடையில் நிற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வருகையைப் பிரசங்கியுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் இரகசிய வருகையைச் சொல்லும்போது, இது நாங்கள் ஏற்கும் விளக்கம், வேறு விளக்கங்களும் உண்டு என்ற ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். தேதி குறிப்பவரை, வேலையை விடச் சொல்பவரை, காணியை விற்கச் சொல்பவரை உங்கள் மேடைக்கு அழைக்காதீர்கள். ஜஸ்டஸ் ஜோசப் வித்துவான் குட்டி என்ற பெயரால் புகழ்பெற்ற கீர்த்தனைக்காரரும்கூட. அவர் குறித்த ஆண்டு பொய்த்து 140 ஆண்டுகளுக்கு மேலாகிறது; அவர் எழுதிய கீர்த்தனைகளைக் கேரளத்துச் சபைகள் இன்றும் பாடுகின்றன.