சத்தமிடாத பிராணியின் சுகவீனம்

சகோதரிகளே, நோவைச் சொல்ல முடியாதோரின் துன்பத்தை நாமே பார்த்தறிய வேண்டும் என்பது சமூகப் பணியில் நான் கற்ற பாடம். மெக்சிக்கோவின் சொச்சிமில்கோ நீர்நிலைகளைத் தாயகமாகக் கொண்ட அக்சலோட்டில் என்னும் நீர்ச் சலமந்தரைத் தொட்டியில் வளர்ப்போருக்கும் அது பொருந்தும்.

ஆரோக்கியமான பிராணியின் செவுள்கள் இறகுபோல் விரிந்திருக்கும். அவை முன்னோக்கி வளைந்தாலோ, வால் நுனி சுருண்டாலோ, இரையை மறுத்தாலோ அதற்கு ஏதோ ஒவ்வவில்லை. செவுளில் பஞ்சுபோன்ற வெண்மை பெரும்பாலும் பங்கசுத் தொற்றாகும்.

மருந்தைத் தேடுமுன் தண்ணீரைப் பாருங்கள். 16 முதல் 18 பாகை செல்சியஸ் அதற்கு இதமானது. 24ஐத் தாண்டினால் ஆபத்து. கழிவிலிருந்து சேரும் அமோனியா செவுளைப் புண்ணாக்கும். விழுங்கிய சிறு கற்கள் குடலை அடைக்கும்.

நீர் சீரான பின்பும் உண்ணாதிருந்தால், அல்லது கீழிறங்க முடியாமல் மிதந்து தவித்தால், தாமதியாது மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.