அமுக்கினால் அசையாத பட்டன்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-இல். வெளியூர் ஆர்டர்களை வாங்க ஒரு செல்போன் செயலி இருந்தால் தேவலை என்று அங்கே ஒரு கடைக்காரர் நினைத்தால், அதற்காக இன்று சென்னை வரை ஆள் தேட வேண்டியதில்லை. பத்தாவது படிக்கிற பிள்ளையே ஒரு சாயங்காலத்தில் திரையை அமைத்துவிடும். கால் கிலோ, அரை கிலோ, முகவரி எழுத ஒரு கட்டம், கீழே 'ஆர்டர் அனுப்பு' என்று ஒரு பட்டன். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்காது.

கணினி வகுப்பு அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் அதுதான். திரை வேறு, நிரல் வேறு. இரண்டையும் சேர்க்கும் முடிச்சு எங்கே போடப்படுகிறது, எப்படி அவிழ்கிறது என்று தெரியாத மாணவருக்கு திரையை இழுத்துப் போட்டு அமைக்க உதவும் கருவிகள் வெறும் படம் வரையும் பலகைதான்.

முடிச்சுப் போடும் விதம் கருவிக்குக் கருவி மாறும். பிரான்சைச் சேர்ந்த ழான்-மரி ஹுலோ 1980-களில் உருவாக்கிய 'இன்டர்ஃபேஸ் பில்டர்', ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கணினியோடு வந்தது. அதில் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி பட்டனிலிருந்து ஒரு கோடு இழுத்து, நடக்க வேண்டிய செயலைத் தேர்ந்தெடுத்தால் இணைப்பு முடிந்தது. 1991-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விஷுவல் பேசிக்கில் கோடும் இல்லை. பட்டனை இரண்டு முறை கிளிக் செய்தால் 'கமாண்ட்1_கிளிக்' என்ற பெயரில் நிரல் எழுத இடம் திறக்கும். அங்கே இணைப்பு என்பது பெயர்ப் பொருத்தம் மட்டுமே. பிறகு பட்டனின் பெயரை மாற்றினால், எழுதிய நிரல் பழைய பெயரிலேயே அநாதையாகக் கிடக்கும். பிழைச் செய்தியும் வராது. கம்ப்யூட்டர் சென்டர்களில் விபி படித்தவர்களைக் கேட்டால் இந்தத் தலைவலியைச் சொல்வார்கள்.

ஐபோன் செயலிகளுக்கான எக்ஸ்கோடில் கோளாறு வேறு மாதிரி. திரை உறுப்பு ஒன்றைக் குறிக்கும் பெயரை நிரலில் நீக்கிவிட்டு, திரைப் பக்கத்தில் இருக்கும் இணைப்பை நீக்க மறந்தால், அந்தத் திரை திறக்கும்போதே செயலி படுத்துவிடும்.

நம் மாணவர்களுக்குக் கைக்கெட்டும் கருவி ஆப் இன்வென்டர். 2010-இல் கூகுள் தொடங்கியது, 2012 முதல் எம்.ஐ.டி. நடத்துகிறது. காசு கிடையாது, பிரவுசரிலேயே ஓடும், செய்ததை உடனே ஆண்ட்ராய்டு போனில் ஓட்டிப் பார்க்கலாம். ஒரு பக்கம் திரை, இன்னொரு பக்கம் நிரலாக அடுக்கும் கட்டங்கள். 'வென் பட்டன்1.கிளிக் டூ' என்ற கட்டத்தின் வாய்க்குள் மற்ற வேலைகளைச் செருக வேண்டும். செருகாமல் வெளியே விட்ட கட்டம் ஓடாது. எச்சரிக்கைகளைக் காட்டச் சொன்னால் அதன் ஓரத்தில் மஞ்சள் முக்கோணம் தோன்றும். எத்தனை எச்சரிக்கை, எத்தனை பிழை என்ற கணக்கும் திரையின் மூலையில் நிற்கும். அந்த மஞ்சள் முக்கோணத்தை ஒதுக்கித் தள்ளாமல் படிக்கப் பழக்குவதே நல்ல ஆசிரியரின் வேலை.

ராஜபாளையத்து நூற்பாலைகளில் ரிங் ஃபிரேமில் இழை அறுந்தால், வேலை தெரிந்த கை முதலில் அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கும், பிறகே ஒட்டும். இங்கேயும் தேவை அந்தப் பழக்கம்தான்.

முடிச்சு சரியாக விழுந்த பிறகும் வேலை இருக்கிறது. நெட் மந்தமாக இருக்கும் ஊரில் வாடிக்கையாளர் பொறுமை இழந்து இரண்டாவது முறை அமுக்குவார். அரை கிலோ கேட்டவர் பெயரில் ஒரு கிலோ பதிவாகும். முதல் கிளிக்கிலேயே பட்டனைச் செயலிழக்கச் செய்து, பதில் வந்ததும் திறந்துவிடச் சில கட்டங்கள் போதும். இது எந்தத் தேர்விலும் கேட்கப்படாவிட்டாலும், முதல் வாரமே கடைக்காரர் கேட்பார்.

இந்தத் திறமைக்கு வேலை எங்கே என்று கேட்பவர்கள் ராஜபாளையத்திலிருந்து தென்காசிச் சாலையைப் பார்க்கலாம். 2006-இல் 'கிரியேட்டர்' என்ற கருவியை வெளியிட்ட ஸோஹோ, 2011-இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. கிரியேட்டரிலும் திரையை இழுத்துப் போட்டு அமைக்கலாம்; ஆனால் பட்டனை அமுக்கினால் நடக்க வேண்டிய தனிப்பட்ட வேலைகளை டெலூஜ் என்ற நிரல்மொழியில் எழுத வேண்டும். ராஜபாளையத்து ராம்கோ குழுமமும் சென்னையில் ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தை நடத்துகிறது.

இனி எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவே எழுதித் தரும், இதெல்லாம் எதற்கு என்பது இப்போதைய வாதம். எழுதித் தரும், உண்மை. அது தந்த செயலியிலும் ஒருநாள் பட்டன் அசையாது. அப்போது கோளாறு திரையிலா, நிரலிலா, நடுவிலா என்று சொல்லத் தெரியாதவர் அதனிடம் என்ன கேள்வி கேட்பார்?

2019-இல் வந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் கடைசிப் பாடம் ஸ்கிராட்ச் என்ற நிரல்மொழியை அறிமுகப்படுத்துகிறது. அடி வைத்தாயிற்று; அடுத்த படி செய்முறை. அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகமும் ராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கின்றன. கல்லூரி மாணவர்கள் சனிக்கிழமைகளில் பக்கத்துப் பள்ளிக்குப் போய், பால்கோவா கடைக்கும் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிக்கும் உதவும் சிறு செயலிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யலாம். மதிப்பெண் போடும் முறையையும் மாற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் செயலியில் ஒரே ஒரு இணைப்பை ஆசிரியர் கழற்றிவிட்டுத் தரட்டும். எது கழன்றது, எப்படித் தெரிந்தது என்று நான்கு வரி எழுதி, செயலியை மறுபடி ஓடவைப்பவருக்கு முழு மதிப்பெண்.