திறந்த கதவு மட்டும் போதாது

அமெரிக்காவில் மேற்கத்தியர் தொடங்கிய பௌத்த தியான மையங்கள் யாரையும் வாசலில் தடுப்பதில்லை. ஆனாலும் உள்ளே கண்மூடி அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் வசதியுள்ள வெள்ளையர்களாகவே இருந்துவந்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே பல நாள் தங்கிப் பயிலும் முகாமுக்கு, மணிக்கணக்குக் கூலிக்கு உழைப்பவர் சம்பளத்தையும் இழந்து கட்டணமும் கட்டி எப்படி வருவார்? 2007இல் ஓக்லண்ட் நகரின் நடுவே திறக்கப்பட்ட ஈஸ்ட் பே தியான மையம் வேறு வழி காட்டியது. அங்கே கட்டணம் கிடையாது. இயன்றதைத் தானமாகத் தரலாம். வெள்ளையரல்லாதோர், பால்புதுமையினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குத் தனி அமர்வுகள் உண்டு. சென்ட் பூசி வரக்கூடாது என்றும் ஒரு விதி. அற்பமாகத் தோன்றலாம். ஆனால், வாசனைப் பொருள்கள் ஒத்துக்கொள்ளாதவருக்குப் பக்கத்தில் இருப்பவரின் சட்டை மணமே நெஞ்சை அடைக்கும். மூச்சைக் கவனிக்க வந்தவர் மூச்சுவிடவே திணறினால், அவருக்கு அது மூடிய கதவுதான்.

‘தம்மத்துக்கு ஏது நிறம்? தனி அமர்வு பிளவுதானே?’ என்பது நியாயமான கேள்வி. ஆனால், நாள் முழுதும் பிறர் பார்வைக்கு அஞ்சித் தன்னைக் காத்துக்கொள்ளும் மனம் தளர ஓரிடம் வேண்டும். பொது அமர்வுக்கு வரும் துணிவும் அங்கிருந்தே பிறக்கும். வேற்றுமையைக் காணாததுபோல் இருப்பது புத்தர் காட்டிய வழியும் அல்ல. சாக்கிய இளவரசர்கள் துறவு பூண வந்தபோது, அவர்களது நாவிதர் உபாலிக்கே முதலில் துறவு அளிக்கப்பட்டதாகத் துறவியர் ஒழுக்க நூலான விநயபிடகம் சொல்கிறது. துறவில் மூத்தவரை இளையவர் வணங்க வேண்டும். அதனால் இளவரசர்கள் நாவிதரை வணங்கினார்கள். வரிசையை மாற்றியதால்தான் அங்கே சமத்துவம் வந்தது. இன்றைய மையங்களும் துணிந்து வரிசையை மாற்ற வேண்டும்.