வெறுப்பை விட்டவரின் பெயரில் ஒரு மலை



மொன்றியலில் நாம் நடந்தே ஏறிவிடும் மவுண்ட் றோயலின் உயரம் 233 மீற்றர். இந்த முறை நாம் பார்க்கப்போகும் மலை 3,363 மீற்றர். அல்பேர்ட்டாவில், ஜாஸ்பர் தேசியப் பூங்காவில் இருக்கிறது. அதன் வடக்குப் பக்கத்தில் ஒரு பனியாறு, செட்டைகளை விரித்த தேவதூதனைப்போலத் தொங்குகிறது. அதனால் ஏஞ்சல் கிளேசியர் என்கிறார்கள். மலையின் பெயர் எடித் கவெல். தாதியரான எங்களுக்கு அது மிகவும் நெருக்கமான பெயர்.

எடித் 1865இல் இங்கிலாந்தில் ஒரு போதகரின் மகளாகப் பிறந்தார். லண்டனில் தாதிப் பயிற்சி பெற்று, 1907 முதல் பிரசெல்ஸில் தாதியர் பள்ளி ஒன்றை நடத்தினார். 1914இல் ஜேர்மன் படை அந்நகரைப் பிடித்தது. காயப்பட்டவர் எந்த நாட்டவர் என்று பாராமல் அவர் பராமரித்தார். அதோடு, சிக்கிக்கொண்ட ஏறக்குறைய 200 நேசநாட்டுப் படைவீரர் ஒல்லாந்துக்குத் தப்பிச்செல்ல உதவினார். அதற்காக 1915 ஒக்டோபர் 12ஆம் திகதி அவரைச் சுட்டுக்கொன்றார்கள். முந்திய இரவு திருவிருந்து கொடுக்க வந்த போதகரிடம், நாட்டுப்பற்று மாத்திரம் போதாது, எவர்மேலும் தமக்கு வெறுப்போ கசப்போ இருக்கக்கூடாது என்று சொன்னார்.

ஆனால் அவருடைய மரணத்தைக் காட்டியே பிரித்தானியாவில் வெறுப்பை வளர்த்தார்கள், படைக்கு ஆள் சேர்த்தார்கள். அந்தச் சூட்டோடு 1916இல் கனடா இந்த மலைக்கு அவருடைய பெயரைச் சூட்டியது.

அதுவரை மலை பெயரில்லாமல் இருக்கவில்லை. அத்தபாஸ்கா கணவாயைக் கடந்த தோல் வியாபாரிகள் அதைப் பிரெஞ்சில் 'பெரும் கடப்பின் மலை' என்றார்கள். தூரத்திலிருந்து வழிகாட்டும் அடையாளம் அது. அவ்வியாபாரத்தில் படகு வலித்தவர்களில் பலர் நம்முடைய கெபெக்கிலிருந்து போனவர்கள். அவர்களுக்கு முன்பே பூர்வகுடி மக்கள் அம்மலையை அறிந்திருந்தார்கள்.

இன்று அங்கே பனி குறைந்து வருகிறது. 2012 ஓகஸ்டில் கோஸ்ட் கிளேசியர் என்ற பனிப்பாளம் கழன்று கீழேயுள்ள குளத்தில் விழுந்து வெள்ளம் பாய்ந்தது.

யுத்தம் நம்மில் பலருடைய வீடுகளிலும் கதையாக இருக்கிறது. இழந்தவர்களின் பெயர்களை நாம் மறக்க வேண்டியதில்லை. அந்தப் பெயர்களைச் சொல்லி அடுத்த தலைமுறைக்கு எதைக் கொடுக்கிறோம் என்பதே கேள்வி. எடித்தின் பெயரால் வெறுப்பையும் கொடுக்கலாம், அவர் கடைசி இரவில் சொன்னதையும் கொடுக்கலாம். இரவு வேலையில் எங்கள் வாட்டுக்கு வரும் நோயாளியிடம் நாங்கள் கேட்பது எங்கே வலிக்கிறது என்று மாத்திரமே.

அடுத்த வாலிபர் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்: உங்கள் வீட்டில் கசப்போடு சொல்லப்படும் பெயர் யாருடையது? அந்தப் பெயரைச் சொல்லி நாம் ஜெபிப்போமா?