புகையோ, வெம்மையோ?

வகுப்பறையிலே மாணவன் ஒருவன் கேட்ட வினாவுக்கு 12 ஆண்டுகள் கழித்து, கடல் கடந்த நாடொன்றிலே, நிலத்துக்குச் சில நூறு மீற்றர் மேலே நின்று விடை கண்ட ஆசிரியர் பலர் இரார். எமக்கு அந்நிலை நேர்ந்தது. கல்லூரித் தாயின் விழா மலரிலே அவள் பெருமை கூறுவார் பலர் உளர். அப்பெருமைகளில் எமக்கும் பங்குண்டு. ஆயினும் யாம் ஈண்டு கூறவந்தது எமது குறையொன்றினையும், அதன் வழியாக எழுந்த வேண்டுகோள் ஒன்றினையுமே.

சென்ற ஆண்டு விடுமுறையின்போது, வெளிநாடுகளில் வாழும் எம் பழைய மாணவர் இருவர் தம் செலவிலே எம்மைத் துருக்கி நாட்டுக்கு அழைத்துச் சென்றனர். அந்நாட்டின் நடுப்பகுதியிலே கப்படோக்கியா என்னும் நிலப்பரப்பு உளது. எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்து இறுகிக் கல்லாகி, மழையும் காற்றும் அதனை அரித்தமையால், கூம்புகளும் தூண்களுமாய் அந்நிலம் காட்சி தருகிறது. வெட்டுதற்கு மென்மையாய், வெட்டியபின் காற்றுப்பட்டு இறுகும் இயல்பினது அக்கல். அவ்வியல்பை அறிந்த மக்கள் அதனைக் குடைந்து வீடுகளும் தேவாலயங்களும் புறாக்கூடுகளும் அமைத்தனர். புறாவின் எச்சம் அவர்தம் திராட்சைத் தோட்டங்களுக்கு உரமாயிற்று. அங்குள்ள கொறெமே என்னும் இடம் 1985ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிலே சேர்க்கப்பட்டது. ஞாயிறு எழும் வேளையிலே வெப்பக்காற்றுப் பலூனில் ஏறி அந்நிலத்தை மேலிருந்து காண்பதற்கு உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர்.

முதல் நாள் இருளிலேயே எழுந்து ஆயத்தமாயினோம். காற்று மிகுதி என்று விமானப் போக்குவரத்து அதிகாரிகள் அனுமதி மறுத்தனர். உடன்வந்தோர் சிலர் முணுமுணுத்தனர். தரையிலே இலைகூட அசையவில்லையே, இது என்ன காற்று என்பது அவர் வாதம். தரையிலே இல்லாத காற்று மேலே இருக்கலாம் என்பதை அவர் எண்ணிலர். 2013ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆந் திகதி, எகிப்து நாட்டின் லக்சோர் நகரருகே இத்தகைய பலூனொன்று தீப்பற்றி வீழ்ந்து 19 பேர் மாண்டனர். இவ்விளையாட்டு, நெருப்போடும் காற்றோடும் கூடிய விளையாட்டு. வேண்டாவென்று சொல்லுதற்கு ஒருவர் இருப்பது நன்றேயென எண்ணி அறைக்கு மீண்டோம்.

மறுநாள் அனுமதி கிடைத்தது. வெட்டவெளியொன்றிலே நைலோன் துணியாலாய பெரும்பை ஒரு வீட்டுவளவின் நீளத்துக்குத் தரையிற் கிடந்தது. முதலிலே பெரிய விசிறிகளாற் குளிர்ந்த காற்றை அதனுட் செலுத்தினர். பை பருத்ததும், அதன் வாயிலே புரொப்பேன் வாயுவை எரித்து நெருப்பை உள்ளே பாய்ச்சினர். கிடந்த பை மெல்ல எழுந்து நிமிர்ந்து நின்றது. பிரம்பினாற் பின்னிய கூடையிலே இருபதுபேர் வரையில் ஏறினோம். இறங்கும்போது முழங்காலை மடித்துக் கயிற்றைப் பற்றிக்கொள்ள வேண்டுமென ஓட்டுநர் பயிற்றுவித்தார். பின்னர் நெருப்பு ஒருமுறை முழங்கிற்று. நிலம் கீழே போயிற்று. எழுந்தோமென்ற உணர்ச்சியே இல்லை.

மேலே சென்றபோது காற்று முகத்திற் படவில்லை. காற்றோடு காற்றாய் யாமும் செல்வதனால் அது எம்மைத் தீண்டவில்லை எனத் தெளிந்தோம். எம்மைச் சூழ நூற்றுக்கு மேற்பட்ட பலூன்கள் இருளில் விளக்குகள்போல மாறிமாறி ஒளிர்ந்தன. கிழக்கிலே, 3,917 மீற்றர் உயரமான எர்சியஸ் மலைப்பக்கம் வானம் வெளுத்துச் சிவந்தது. கதிரவன் தோன்றியதும் கற்கூம்புகளின் நிழல்கள் பள்ளத்தாக்கெங்கும் நீண்டு கிடந்தன. கூடையில் நின்றோர் அனைவரும் பேச்சை விட்டனர். நெருப்பு ஓய்ந்திருந்த இடைவேளையிலே கீழே ஊரொன்றில் நாய் குரைப்பது தெளிவாய்க் கேட்டது. சிவபுராணம் ஓதியே காலையைத் தொடங்கும் வழக்கமுடைய எமக்கு, அன்று அவ்வமைதியே ஓதலாயிற்று.

அவ்வமைதியிலே தலைநிமிர்ந்து பலூனின் உட்புறத்தை நோக்கினோம். நெருப்பு எரிந்தது, புகையில்லை. துணியின் உட்புறம் கரியேறாது, விடியலின் நிறத்தோடு விளங்கிற்று. அப்பொழுதே அந்த மாணவனின் நினைவு வந்தது.

அன்று யாம் ஒன்பதாம் வகுப்பிலே, சீவக சிந்தாமணியிற் சச்சந்தன் தன் தேவி விசயையின் பொருட்டு மயிற்பொறி செய்வித்த கதையைக் கூறிக்கொண்டிருந்தோம். கட்டியங்காரன் வஞ்சித்தபோது, கருவுற்றிருந்த தேவி அப்பொறியிலேறித் தப்பிய செய்தியை விரித்துரைத்து, எம் முன்னோர் அன்றே வானிற் பறந்தனர் என்று பெருமிதத்தோடு முடித்தோம். பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். “சேர், புகைக்குண்டு புகையாலையோ எழும்புது, வெக்கையாலையோ? புகை இல்லாமல் வெக்கை மட்டும் இருந்தாலும் எழும்புமோ?” என்று கேட்டான். அவன் மேசையின் கீழே, பாதி ஒட்டிய மெல்லிய தாள்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. “உதை விஞ்ஞான வாத்தியாரிட்டைக் கேள்; இப்ப புத்தகத்தை எடு” என்றோம். தாள்களைப் பறித்து எமது மேசை லாச்சியிலே வைத்தோம். தவணை முடிவிலே அவற்றைத் திருப்பிக் கொடுக்கவும் மறந்தோம். அதன்பின் அவன் எம் வகுப்பில் வினா எதுவும் கேட்டதில்லை.

வடமராட்சியார்க்குப் புகைக்குண்டு இன்னதென யாம் விளக்க வேண்டுவதில்லை. சித்திரைப் பூரணையில் வல்வெட்டித்துறையிலே நிகழும் இந்திர விழாவில் அது விண்ணேறுவதைக் கண்டு வளர்ந்தோர் பலர். மெல்லிய தாளைப் பாகுபாகாக வெட்டி, பசையிட்டு ஒட்டி, வாயிலே வளையம் பொருத்தி, எண்ணெய் தோய்த்த துணிப்பந்தைக் கொளுத்தி விடுவர். அது பெயராலேயே புகைக்குண்டு. புகைதான் அதனைத் தூக்குகிறது என்னும் எண்ணம் அப்பெயரிலே அமைந்துள்ளது. அம்மாணவன் ஐயுற்றது அவ்வெண்ணத்தையே.

அவ்வெண்ணம் எம்மவர்க்கு மட்டும் உரியதன்று. பிரான்சு நாட்டிலே கடதாசி செய்யும் குடும்பத்திற் பிறந்த மொங்கொல்பியர் சகோதரர் இருவர், 1783ஆம் ஆண்டு யூன் 4ஆந் திகதி அனோனே என்னும் ஊரிலே, துணியும் கடதாசியும் கொண்டு செய்த பலூனைப் பலரறிய வானில் ஏற்றினர். வைக்கோலும் கம்பளி மயிரும் எரித்தெழுந்த புகையிலே தூக்கும் ஆற்றலுடைய தனி வாயு உண்டென அவர் கருதினர். அவ்வாண்டு செப்ரெம்பர் 19ஆந் திகதி வெர்சாய் அரண்மனை முன்றிலில் ஒரு செம்மறியும் ஒரு வாத்தும் ஒரு சேவலும் பறந்தன. நவம்பர் 21ஆந் திகதி பாரிசு நகரிலே பிலாத்ர டி றோசியே, மார்க்கி டார்லாந்து என்னும் இருவர் சுமார் 25 நிமிடம் பறந்து ஏறத்தாழ 9 கிலோமீற்றர் சென்றனர். மனிதர் முதன்முதலாகக் கட்டுப்பாடின்றி வானிற் சென்ற பயணம் அதுவே. புகையன்று, வெம்மையே காரணமென்பது பின்னரே தெளிவாயிற்று. 1960ஆம் ஆண்டு ஒக்ரோபர் 22ஆந் திகதி எட் யோஸ்ற் என்பவர் அமெரிக்காவின் நெபிராஸ்கா மாநிலத்திலே புரொப்பேன் எரித்துப் பறந்ததோடு, இன்றைய பலூன் பிறந்தது. பிழையான கருத்தோடு தொடங்கினும், செய்து பார்த்தமையால் அவர் உண்மையை நோக்கி நடந்தனர். எமது மாணவனோ பிழையை ஐயுறும் இடத்துக்கே வந்துவிட்டான். யாம் அவனை இருத்தினோம்.

காரணம் கடினமானதன்று. கடல்மட்டத்திலே 15 பாகை வெப்பமுள்ள ஒரு கன மீற்றர் காற்றின் நிறை சுமார் 1,225 கிராம். அதனை 100 பாகைக்குச் சூடாக்கினால் காற்று விரியும். அவ்வளவு இடத்திலே அடங்குவது சுமார் 945 கிராமே. எஞ்சிய 280 கிராமே ஒரு கன மீற்றர் தூக்கவல்ல பாரம். 70 கிலோ நிறையுள்ள ஒருவரைத் தூக்க 250 கன மீற்றர் வேண்டும். இரண்டு கன மீற்றர் கொள்ளும் தாட்குண்டு அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பாரத்தையே, தன் தாளின் நிறையும் உட்பட, தாங்கும். தாள் மெல்லியதாய் இருத்தல் வேண்டுமென்பது குண்டு கட்டுவோர் கைகண்ட உண்மை. ஏனென்பதை இக்கணக்குக் கூறுகின்றது. விடியலிலேயே பறப்பதற்கும் இதுவே விளக்கம். புறக்காற்றுக் குளிர்ந்திருந்தால் தூக்கும் ஆற்றல் மிகும். கதிரவன் ஏறியபின் நிலஞ் சூடாகி அதன்மேலுள்ள காற்றும் எழும். வானம் அமைதி கெடும். பலூனுள் நெருப்புச் செய்வதையே, வெளியிலே வெயில் செய்கின்றது.

இவையனைத்தும் எமது விஞ்ஞான பாடத்திலே உள்ளன. மாணவர் ஆக்கிமிடீசின் தத்துவத்தைப் பிழையின்றி எழுதிப் புள்ளி பெறுகின்றனர். ஆயினும் அத்தத்துவமும் திருவிழாவிற் பறக்கும் குண்டும் ஒன்றென்று அவருட் பலர்க்குத் தெரியாது. பாடம் பாடமாகவும், ஊர் ஊராகவும் வேறுவேறாய் நிற்கின்றன. இவ்விரண்டையும் இணைக்க முயலும் மாணவனைக் குழப்படிகாரன் என்கின்றோம். இதுவே எமது கல்வியின் நோய் என்பது எம் கருத்து. இந்நோய் விஞ்ஞான ஆசிரியரை மட்டும் சார்ந்ததன்று; தமிழாசிரியராகிய எம்மையும் சார்ந்தது.

மயிற்பொறியைக் காட்டி முன்னோர் பறந்தனர் என்று சாதித்தல் தமிழுக்குச் செய்யும் தொண்டென யாம் அந்நாளிலே நம்பினோம். இன்று அவ்வாறு நம்புகின்றிலோம். காப்பியம் வரலாற்றுச் சான்றன்று; அஃது அவ்வாறு இருக்க வேண்டுவதுமில்லை. திருத்தக்கதேவர் அப்பொறியைப் பாடுமிடத்துத் துணி, நூல், அரக்கு, மெழுகு எனப் பொருள்களையும், அவற்றைக் கொண்டு அதனைச் செய்த கம்மியனையும் மறவாது கூறுகின்றார். துறவியாகிய அவர் தொழிலாளன் கையை மதித்தார். அப்பாடலைப் படிப்பித்த யாமோ மாணவன் கையிலிருந்த தாளைப் பறித்தோம். பாட்டை விளங்கிக்கொண்டவன் அவன், யாம் அல்லேம்.

ஆதலின் எமது வேண்டுகோள் இது. விழாவையொட்டிப் பழைய மாணவர் கல்லூரிக்கு மண்டபமும் வாயில் வளைவும் தர முன்வருவர். அவை வேண்டாவென்று கூறோம். ஆயினும் அவற்றோடு, மாணவர் தம் கையாற் செய்து பார்த்தற்குரிய தொழிற்கூடம் ஒன்றினையும் அமைத்துத் தருக. ஆண்டுக்கொரு நாள், சித்திரைப் பூரணையையொட்டி, எமது விளையாட்டிடத்திலே மாணவர் கட்டிய குண்டுகள் எழுக. தாளைப் பாகாக வெட்டும் கணக்கைக் கணித ஆசிரியர் காட்டட்டும். பாரத்தை விஞ்ஞான ஆசிரியர் நிறுக்கட்டும். மயிற்பொறியைத் தமிழாசிரியர் படிக்கட்டும். கட்டிய பெரியோர் ஒருவரை ஊரிலிருந்து அழைத்து முன்னிருத்துவோம்.

பரீட்சைக் காலத்தில் இது வீண்வேலை என்பாருமுளர். ஒருநாள் செய்துகண்டது ஒரு தவணை மனனஞ் செய்ததிலும் நிலைக்கும் என்பதே அவர்க்கு எம் விடை. தீயால் இடர் விளையுமே என்பாரது அச்சம் நியாயமானது. பனையோலை வேலியும் கூரையும் உள்ள நாடு இது. 2019இற் பன்னாட்டு விமான நிலையமாகிய பலாலியும் தொலைவில் இல்லை. ஆதலின் குண்டைக் கயிற்றிலே கட்டியே ஏற்றுதல் வேண்டும். தண்ணீர் வாளியும் ஆசிரியரும் அருகிருத்தல் வேண்டும். காற்று மிகுந்தால் விடாது நிறுத்துதல் வேண்டும். வேண்டாவென்று சொல்லவேண்டிய நேரத்தில் அவ்வாறு சொல்வதும் கல்வியே. கேள்வியை நிறுத்துவது மட்டும் கல்வியன்று.

அன்று பலூன் ஒரு மணி நேரமளவிற் பறந்து இறங்கிற்று. உடன்வந்த இருவரும் படம் எடுப்பதிலே மகிழ்ந்திருந்தனர். எமது முகம் வாடியதென்னவென வினவினர். பழைய கடனொன்று நினைவுக்கு வந்தது என்றோம்.

அக்கடனை ஈண்டுத் தீர்க்கின்றோம். பின்வாங்கிலிருந்து வினாவிய மாணவ, நீ இன்று எந்நாட்டில் இருப்பினும், இம்மலர் உன் கைக்கு வருமாயின் இதனைப் படிப்பாயாக. அன்று நீ கேட்டது நல்ல கேள்வி. யாம் சொன்னது தவறு. புகை இல்லாவிடினும், வெக்கை மட்டும் இருந்தாற் போதும், குண்டு எழும்பும். யாம் அதிலே ஏறி நின்று கண்டோம்.